பின் டிரம் பிரேக்: கேபிளை இறுக்கினால் போதுமா?

கேட்டவர் சொல்லும் தொல்லை இரண்டு. காரின் ஹேண்ட்பிரேக்கை இழுத்தால் பத்துப் பன்னிரண்டு ‘டிக்’ வரை மேலே வருகிறது. பிரேக் பெடலும் பாதிக்கு மேல் இறங்கிய பிறகுதான் பிடிக்கிறது. ஹேண்ட்பிரேக் கேபிளை இறுக்கினால் போதுமா என்கிறார். போதாது. கொஞ்ச நாளைக்குச் சரியானது மாதிரி இருக்கும், அவ்வளவுதான். நான் அப்படி ஏமாந்தவன்.

எனக்கு மலேசியாவில் சுங்கை சிப்புட். தோட்டத்தில் கிராணி (கணக்கர்) வேலை, மெக்கானிக் இல்லை. இதே தொல்லைக்கு ஒரு பட்டறையில் கேபிளை இறுக்கி 20 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டார்கள். மூன்றே டிக்கில் கல் மாதிரி நின்றது, எனக்கும் சந்தோஷம். இரண்டு மாதம் கழித்துத் தோட்டத்துக் கோயில் திருவிழா. மேட்டில் நிறுத்திவிட்டு அர்ச்சனைத் தட்டோடு இறங்கினேன். திரும்பிப் பார்த்தால் காடி (கார்) மெதுவாகப் பின்னால் போய், ஒரு சக்கரம் லோங்காங்கில் (சாக்கடையில்) இறங்கி நிற்கிறது. ஆறு பேர் சேர்ந்து தூக்கினோம். “கியர்ல போட்டுட்டு எறங்க மாட்டீங்களாண்ணே?” என்று ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்விதான்.

இங்கே ஓடும் சாகா, கன்சில், மைவி கார்கள் எல்லாவற்றிலும் பெரும்பாலும் பின்னால் டிரம்தான். டிரம் என்பது சக்கரத்தோடு சுற்றும் இரும்புக் கிண்ணம். மிதித்தால் உள்ளே இருக்கும் வளைந்த ஷூ இரண்டும் விரிந்து அதை உரசி நிறுத்தும். ஷூவின் மேல் இருக்கும் உரசும் பட்டைதான் லைனிங். அது தேயத் தேய ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடும். அதைக் குறைக்க உள்ளே ஒரு பல்சக்கர அட்ஜஸ்டர் இருக்கிறது. பல காடிகளில் அது தானாகவே திரும்பிக்கொள்ளும். ஆனால் அதற்கு ஷூ தன் பழைய இடத்துக்கு முழுசாகத் திரும்பி வரவேண்டும். கேபிளை அளவுக்கு மீறி இறுக்கினால் உள்ளே இருக்கும் லிவர் பாதி இழுத்தபடியே நிற்கும், அட்ஜஸ்டரும் வேலையை விட்டுவிடும். அதனால் முதலில் ஷூ, கடைசியில்தான் கேபிள்.

கழற்றுவதற்கு முன் பெடலே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். ஒருமுறை மிதித்து, விட்டு, உடனே மறுபடி மிதியுங்கள். இரண்டாவது மிதியில் பெடல் உயரமாகவும் கெட்டியாகவும் நின்றால் பெரும்பாலும் ஷூ இடைவெளிதான். ஸ்பாஞ்சு மாதிரி அமுங்கினால் குழாயில் காற்று. மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்லக் கீழே போனால் பிரேக் எண்ணெய் ஒழுகுகிறது, அல்லது பெடல் தள்ளும் மாஸ்டர் பம்ப் போய்விட்டது. அந்தக் காடியைப் பட்டறைக்குக்கூட ஓட்டிப் போகாதீர்கள், இழுத்துப் போகச் சொல்லுங்கள்.

சரி, இடைவெளிதான் என்று தெரிந்துவிட்டது. சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். நான் வைப்பது பால்மரக் கட்டை. ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வைத்து, ஹேண்ட்பிரேக்கை முழுசாக விடுங்கள். முதல் தடவை என்றால் டிரம்மைக் கழற்றிப் பார்த்துவிடுவதே நல்லது. வரவில்லையா? பல டிரம்களில் இரண்டு மரைத் துளை இருக்கும். 8 மில்லிமீட்டர் போல்ட் இரண்டை மாற்றி மாற்றி முறுக்கினால் டிரம் தானாக வெளியே தள்ளிக்கொண்டு வரும். உள்ளே இருக்கும் தூசியை ஊதவே ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைக்கலாம். ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே சொதசொத என்றிருந்தால் சிலிண்டரை மாற்ற வேண்டும். எண்ணெய் குடித்த லைனிங்கைத் தேய்த்துப் பயனில்லை, இரண்டு பக்கமும் புது ஷூதான். ஒரு பக்கத்தை முடித்த பிறகே அடுத்ததைப் பிரியுங்கள். எந்த ஸ்பிரிங் எங்கே என்று குழம்பினால் மறுபக்கத்தைப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாம் நன்றாக இருந்தால் டிரம்மைப் போட்டு, பின்தட்டில் (டிரம்மின் உட்பக்கத் தகட்டில்) இருக்கும் ரப்பர் மூடியை எடுத்து, தட்டை ஸ்குரூடிரைவரால் பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் தள்ளுங்கள். கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே செய்யுங்கள். முதலில் ‘ஸ்ஸ்’ என்று உரசும், அப்புறம் இறுகி நிற்கும். அங்கிருந்து சில பல் பின்னால் விட வேண்டும். சும்மா திருப்பினால் பின்னால் வராது. இன்னொரு மெல்லிய கம்பியால், பல்லைப் பிடித்திருக்கும் அட்ஜஸ்டர் நாக்கைத் தள்ளிப் பிடித்தால்தான் வரும். இது தெரியாமல் நான் ஒரு மத்தியானத்தையே வீணாக்கினேன். சக்கரம் லேசாக உரசிக்கொண்டு தாராளமாகச் சுற்றினால் போதும். பெடலை நாலைந்து முறை மிதித்து ஷூவை நடுவுக்குக் கொண்டுவந்து, மறுபடி சுற்றிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உரச வேண்டும்.

இதற்குப் பிறகுதான் கேபிள். எத்தனை டிக் என்பது காடியின் கையேட்டில் இருக்கும். எனக்குக் கேபிளை இறுக்க வேண்டியே வரவில்லை. பட்டறையில் இறுக்கியதைத் தளர்த்தத்தான் வேண்டியிருந்தது, அதன் பிறகு ஆறு டிக்கில் பிடித்தது.

ஓட்டிவிட்டு வந்ததும் இரண்டு பின் சக்கரத்தின் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். தொடாமலே தெரியும். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டிருக்கிறது. கேபிளைத் தளர்த்திச் சுற்றிப் பாருங்கள். உடனே விட்டால் பெரும்பாலும் கேபிள் உள்ளே துருப்பிடித்திருக்கிறது. தோட்டத்துச் சேற்றில் தினம் ஓடும் காடிக்கு அது சாதாரணம்.

அந்த ரப்பர் மூடியைத் திரும்பச் சொருக மறக்காதீர்கள். மழை நாளில் செம்மண் தண்ணீர் அந்த ஓட்டை வழியாக நேரே ஷூவுக்குப் போகும்.