சம்பளமில்லாமல் சுவர் வரையப் போகலாமா?

கேள்வி: நுண்கலைக் கல்லூரியில் ஓவியப் பிரிவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மே, ஜூனில் ஆறு வாரம் ஒரு தொண்டு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. மறுகுடியமர்வுக் குடியிருப்பு ஒன்றில் பிள்ளைகளுக்கு ஓவியப் பயிற்சி, பிறகு அவர்களோடு சேர்ந்து ஒரு சுவரோவியம். வாரம் ஆறு நாள் வேலை. சம்பளம் கிடையாது, சான்றிதழ் உண்டு. “காசு வாங்காம வெயில்ல நின்னு பெயின்ட் அடிக்கவா உன்னைப் படிக்க வெச்சேன்?” என்கிறார் அப்பா. எனக்கோ பெரிய சுவரில் வரைய ஆசை. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பழக்கம் இல்லை. போகலாமா? போனால் எதையெல்லாம் முன்பே பேசிக்கொள்ள வேண்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: அப்பா கேட்டதில் நியாயம் இருக்கிறது. அதே கேள்வியைக் கொஞ்சம் திருப்பி அந்த நிறுவனத்திடம் கேளுங்கள்: இந்தச் சுவருக்குப் பணம் கொடுப்பது யார்?

கம்பெனிகள் சட்டம் 2013-ன் 135-வது பிரிவின்படி பெரிய நிறுவனங்கள் தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். குடியிருப்புகளிலும் பள்ளிகளிலும் பல சுவரோவியங்கள் இந்தப் பணத்தில்தான் வருகின்றன. அதற்கு ஒரு திட்ட மதிப்பீடு இருக்கும். பெயின்ட், சாரம், போக்குவரத்து, ஓவியர் கூலி என்று தனித்தனித் தலைப்புகள் இருக்கும். ஓவியர் கூலி என்ற இடத்தில் பணத்தை வாங்கிக்கொண்டு வேலையை உங்களிடம் கொடுத்தால் அதற்குப் பயிற்சி என்று பெயரில்லை. நீங்கள் போகாவிட்டால் சுவர் நின்றுபோகுமா என்று பாருங்கள். நின்றுபோகும் என்றால் அது கூலி கொடுத்துச் செய்யவேண்டிய வேலை. அனுபவமுள்ள சுவரோவியர் ஒருவர் முன்னின்று நடத்துகிறார், அவர் பக்கத்தில் நின்று நீங்கள் கற்கிறீர்கள் என்றால் தாராளமாகப் போகலாம். அந்த ஓவியர் யார், வாரத்தில் எத்தனை நாள் களத்தில் இருப்பார் என்பதற்கு நேரான பதில் வராத இடத்துக்குப் போகாதீர்கள்.

சட்டத்தைக் காட்டி உதவித்தொகை கேட்பதில் பயனில்லை. 1961-ம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், பதிவுசெய்த ஒப்பந்தத்தின் கீழ் பழகுபவர்களுக்குத்தான். கோடை இன்டர்ன்ஷிப் பெரும்பாலும் அதில் வராது. ஆனால் சம்பளம் இல்லை என்பது வேறு, கைக்காசு போட்டு வேலை செய்வது வேறு. ஆறு வாரம், வாரம் ஆறு நாள் என்றால் 36 நாள். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் உங்களுக்கு டிக்கெட் இல்லைதான். ஆனாலும் ஷேர் ஆட்டோ, மதியச் சாப்பாடு, தண்ணீர் என்று நாளுக்கு 120 ரூபாய் வைத்தால்கூட 4,320 ரூபாய். இதை அவர்கள்தான் தர வேண்டும், அதுவும் வாராவாரம். “கடைசியில் மொத்தமாகத் தருகிறோம்” என்பதற்கு ஒப்புக்கொள்ள வேண்டாம்.

சேரும் முன் இப்படி ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: “வணக்கம் மேடம். பயிற்சியில் சேர விருப்பமாக இருக்கிறேன். நேற்றுப் பேசியதை உறுதி செய்துகொள்ள எழுதுகிறேன். தேதி, நாளொன்றுக்கு வேலை நேரம், பயணம் மற்றும் உணவுச் செலவு, என் பொறுப்பாளர் பெயர், நான் வரைந்த பகுதிக்குப் பெயர் குறிப்பிடுவது, படங்களை என் போர்ட்ஃபோலியோவில் வைத்துக்கொள்வது, களத்தில் அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது என்பவற்றைப் பதிலில் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.” முத்திரைத்தாள் எல்லாம் தேவையில்லை. அவர்கள் அனுப்பும் பதிலே போதும்.

பெயர் விஷயத்தை அதில் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 17-வது பிரிவில், பணம் வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டதன்பேரில் வரைந்தால், மாற்று ஒப்பந்தம் இல்லாதபோது, கேட்டவரே முதல் உரிமையாளர். நீங்கள் பணம் வாங்கவில்லை, எனவே அது பொருந்தாது. ஆனால் வேலை ஒப்பந்தம், பழகுநர் ஒப்பந்தம் இரண்டின் கீழ் செய்தவை முதலாளிக்கு என்று அதே பிரிவு சொல்கிறது. இன்டர்ன் என்றால் பழகுநர்தானே என்று பின்னால் ஒருவர் வாதாட இடமுண்டு. ஆகவே வடிவமைப்பு உங்களுடையதாக இருந்தால் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். உரிமையை எழுதிக் கொடுக்கச் சொன்னால் எத்தனை ஆண்டு, எதற்காக என்று குறிப்பிடச் சொல்லுங்கள். ஆண்டு குறிப்பிடாத உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுக்குத்தான் என்று 19-வது பிரிவு வைத்திருக்கிறது. வரைந்தவர் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும் படைப்பைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமையும் 57-வது பிரிவின்படி உரிமையை விற்ற பிறகும் உங்களிடமே இருக்கும். தில்லி விஞ்ஞான் பவனிலிருந்து கழற்றிச் சிதைத்த, சிற்பி அமர்நாத் சேகலின் வெண்கலச் சுவர்ச் சிற்பத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் தரும்படி தில்லி உயர் நீதிமன்றம் 2005-ல் தீர்ப்பளித்தது இந்தப் பிரிவை வைத்துத்தான்.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013, சம்பளம் வாங்காத தன்னார்வலரையும் பயிற்சியாளரையும் ஊழியர் என்றே கொள்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். சிறிய அமைப்பு என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் புகார் செய்யலாம். கழிப்பறை எங்கே, மாலையில் யாரோடு திரும்புவீர்கள் என்பதை முதல் நாளே பேசி முடியுங்கள்.

இனி சுவர். கல்லூரியில் கேன்வாஸுக்குப் பழகிய கை இங்கே தடுமாறுவது வரைவதில் அல்ல, அதற்கு முந்தின வேலையில். முதலில் அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பாருங்கள். வாரியக் குடியிருப்பு என்றால் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் எழுத்து அனுமதி வேண்டும். திறந்த இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-லேயே இங்கே சட்டம் இருக்கிறது. நல்ல ஓவியம் என்பது அதற்குப் பதிலாகாது.

பிறகு உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். கை வெள்ளையானால் சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ அடித்த சுவர். அதன்மேல் நேராக எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் பெயின்ட்) அடித்தால், பெயின்ட் ஒட்டியிருப்பது சுண்ணாம்புத் தூளில்தான், சுவரில் அல்ல. மழைக்குப் பின் தோல் தோலாக உரியும். தகட்டால் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, கழுவி, நன்றாகக் காயவிட்டு, எக்ஸ்டீரியர் பிரைமர் (வெளிச்சுவருக்கான அடிப்பூச்சு) ஒரு கோட் அடித்த பிறகே வண்ணம். புதுப் பூச்சாக இருந்தால் 28 நாளாவது போக வேண்டும். இல்லையென்றால் சிமென்டின் காரமும் உள்ளீரமும் சேர்ந்து நிறத்தைத் திட்டுத் திட்டாக வெளுத்துவிடும். தரையிலிருந்து ஓரிரண்டு அடி உயரத்துக்கு உப்பு பூத்திருந்தால் அங்கே எந்த பெயின்டும் நிற்காது. அந்தப் பட்டையை ஓவியத்தில் சேர்க்காமல் ஒரே அடர்நிறமாக விட்டுவிடுங்கள், பின்னால் யார் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம்.

20 அடிக்கு 8 அடிச் சுவர் என்று வைத்துக்கொண்டால் 160 சதுர அடி. பிரைமர் லிட்டருக்குச் சுமார் 100 சதுர அடி வரும், 2 லிட்டர் போதும். எக்ஸ்டீரியர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 50 முதல் 60 சதுர அடி; அடிநிறத்துக்கு 3 லிட்டர் கணக்கு வரும், சொரசொரப்பான சுவர் கூடுதலாகக் குடிக்கும் என்பதால் 4 லிட்டர் டின்னாக வாங்குங்கள். மேலே வரும் நிறங்களில் ஐந்து, ஒவ்வொன்றும் ஒரு லிட்டர். கடையில் கலந்து தரும் நிறம் வாங்குவது நல்லது. வெள்ளையில் ஸ்டெயினர் (நிறம் சேர்க்கும் சாயம்) பாட்டிலைக் கவிழ்த்து அடர்சிவப்பு வரவைக்கப் பார்த்தால் படலம் பலமிழந்து கையில் ஒட்டும். காவி, மண் மஞ்சள் போன்ற ஆக்சைடு நிறங்கள் வெயிலைத் தாங்கும். பளிச்சென்ற சிவப்பும் ஊதாவும் முதலில் வெளுக்கும். எனாமல் எனும் எண்ணெய் பெயின்ட் வேண்டவே வேண்டாம். டர்பன்டைன் நெடியில் பிள்ளைகளை உட்காரவைக்கக் கூடாது. பழைய எனாமல் அடித்த கதவு, கம்பிகளை உலர உலர உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் கூடாது: வீட்டு பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முந்தின பூச்சின் தூசியில் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது.

கத்திரி வெயிலில் சூடேறிய சுவரில் அடித்தால் படலம் கூடுவதற்குள் தண்ணீர் ஆவியாகி, பிரஷ் தடம் அப்படியே நிற்கும், பின்னால் பொடியாக உதிரும். கிழக்குப் பார்த்த சுவரானால் பிற்பகல் நான்குக்கு மேல், மேற்குப் பார்த்ததானால் காலை ஆறு முதல் ஒன்பதரை. அதனால் “காலை 10 முதல் மாலை 5 வரை களப்பணி” என்று அட்டவணை கொடுத்தால் அதை எழுதியவர் சுவர் பக்கமே போனதில்லை என்று அர்த்தம். முழுநாளை அரைநாளாகக் குறைக்கச் சொல்லிக் கேட்க இதுவே நல்ல காரணம்.

என்ன வரைவது என்பதை அறைக்குள் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். முதல் வாரம் பிரஷ்ஷைத் தொடாமல் அந்தச் சுவரை யார் எப்போது எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். துணிக்கொடி ஆணி, பிளாக் எண், மின் மீட்டர் பெட்டி, இறந்தவர் போஸ்டர் ஒட்டும் இடம், கேரம் விளையாடும் மூலை எல்லாம் அதில் இருக்கும். பிளாக் எண்ணை மறைத்துவிட்டால் ஆம்புலன்ஸ் முதல் தபால்காரர் வரை வழி தவறுவார்கள். இரண்டு மூன்று மாதிரிகளைத் தண்ணீர் பிடிக்க வரும் பெண்களிடமும் கடைத் திண்ணையில் உட்காரும் பெரியவர்களிடமும் காட்டுங்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் ஏழைப் பெண்ணின் சுருக்கம் விழுந்த முகத்தைப் பிரம்மாண்டமாக வரைய ஆசைப்படுவார்கள். அங்கே குடியிருப்பவர்கள் தினமும் அதைப் பார்க்க விரும்புகிறார்களா என்று கேட்பதில்லை. 2000-ல் குடியமர்த்தப்பட்ட சென்னைக் கண்ணகி நகரில் ஸ்டார்ட் (St+art) இந்தியா என்ற சுவரோவிய அமைப்பு மாநகராட்சியோடும் ஏசியன் பெயின்ட்ஸோடும் சேர்ந்து 2020-ல் வரைந்த சுவர்கள் இருக்கின்றன. ஒரு மாலை போய், எது நிற்கிறது, எது வெளுத்தது, எதன் முன்னால் மக்கள் உட்காருகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தால் நல்லது.

மாதிரியை ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவில், 20-க்கு 8 அங்குலத் தாளில் வரைந்து, சுவரில் நூல் அடித்து ஓர் அடிக் கட்டம் போடுங்கள். முகம் வரும் இடத்தில் மட்டும் அரை அடி. கரியால் கோடு போட்டால் வெளிர்நிறத்தில் கலங்கும், சாக்பீஸ் போதும். உருவங்களுக்குள் நிற எண்ணை எழுதிவிட்டால் பிள்ளைகள் நிரப்புவார்கள். கடைசியில் நீங்கள் போடும் ஓரக்கோடு அவர்கள் கை தாண்டியதை எல்லாம் சரிக்கட்டிவிடும். ஒரு பிள்ளைக்கு மூன்றடி அகலம் வேண்டும், ஆக 20 அடியில் ஒரே நேரத்தில் ஆறு பேர்தான். முப்பது பேர் என்றால் ஐந்து குழு, குழுவுக்கு அரைமணி. மற்றவர்களுக்கு நிழலில் தாள் வேலை. ஐந்தடிக்கு மேல் பெரியவர்கள் மட்டும். பிள்ளைகளை ஏணியில் ஏற்றவே கூடாது.

தாள் வேலைக்கு மேசை எதிர்பார்க்காதீர்கள். ஐந்து பாய், பாய்க்கு ஐந்து பேர். கறுப்பு டப்பாவை முதல் நாள் வெளியே எடுக்காதீர்கள். எடுத்தால் கால்மணியில் எல்லாத் தாளும் சேற்று நிறமாகிவிடும். பாய்க்கு மூன்று நிறம், அடி கனமான அகலப் பாத்திரத்தில் தண்ணீர். வெண்டைக்காய் அச்சிலும் நூல் அச்சிலும் தொடங்கினால் “எனக்கு வரைய வராது மிஸ்” என்பவர்களும் உள்ளே வந்துவிடுவார்கள். மாதிரியைக் கரும்பலகையில் வரைந்து காட்டினீர்கள் என்றால் இருபத்தைந்து தாளிலும் அதே மலை, அதே சூரியன். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். தம்பி தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரும் அக்காக்கள் இருப்பார்கள். ஐந்தாறு தாள் கூடுதலாக வைத்திருங்கள். பிள்ளைகளோடு எப்போதும் இன்னொரு பெரியவர் இருக்கட்டும். யாராவது ஒரு பிள்ளை வீட்டிலோ வெளியிலோ தனக்கு நடந்த பாலியல் கொடுமையைச் சொன்னால், நீங்களே துருவிக் கேட்காமல் பொறுப்பாளரிடம் சொல்லி, குழந்தைகள் உதவி எண் 1098 வழியாகவோ நேராகவோ காவல் துறைக்குத் தகவல் போய்ச் சேர்ந்ததை உறுதி செய்யுங்கள். போக்சோ சட்டத்தின்படி தெரிந்தும் சொல்லாமல் இருப்பது குற்றம்.

போர்ட்ஃபோலியோவுக்கு ஒரே இடத்தில் நின்று, ஒரே வெளிச்சத்தில், வெறும் சுவர், கட்டம், பாதி, முழுது என்று நான்கு நிலைப் படங்கள் எடுங்கள். பிள்ளைகளைக் கை, முதுகு தெரியும்படி எடுத்தால் போதும். முகம் வேண்டும் என்றால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வாங்குங்கள். படத்தின் கீழ் அளவு, ஊடகம், நீங்கள் செய்த பங்கு, முன்னின்ற ஓவியரின் பெயர் நான்கும் இருக்கட்டும். எல்லாம் நானே வரைந்தேன் என்று தோன்றும்படி எழுதினால், பார்ப்பவர் அதே ஓவியருக்குத் தெரிந்தவராக இருக்கும் அளவுக்கு இந்த வட்டம் சிறியது.

பயிற்சியைப் பாடத்தில் சேர்க்க முடியுமா என்று கல்லூரித் துறைத் தலைவரிடம் ஏப்ரலிலேயே கேட்டுவிடுங்கள், முடிந்த பிறகு கேட்டால் கணக்கில் எடுக்க மாட்டார்கள். சான்றிதழில் “சிறப்பாகப் பங்கேற்றார்” என்ற வரி மட்டும் இருந்தால் பயனில்லை. தேதி, மொத்த மணிநேரம், செய்த வேலைகள், பொறுப்பாளர் கையெழுத்து வேண்டும். அந்த வாசகத்தை நீங்களே தட்டச்சு செய்து ஐந்தாம் வாரம் கொடுத்துவிடுங்கள். ஆறாம் வாரம் எல்லோரும் திறப்பு விழா வேலையில் இருப்பார்கள். இரண்டாம் வார முடிவிலும் டப்பா கழுவுவதும் சாமான் தூக்குவதும் மட்டுமே உங்கள் வேலையாக இருந்தால், மின்னஞ்சலில் ஒப்புக்கொண்டதைச் சுட்டி ஒருமுறை பேசுங்கள். மூன்றாம் வாரமும் அப்படியே போனால் விலகிவிடலாம், அதற்கு அப்பாவின் சிபாரிசு தனியாகத் தேவைப்படாது.