வயலுக்கு மருந்து அடிப்பவரின் உடம்பில் நஞ்சு ஏறியிருக்கிறதா என்று இரத்தம் சோதித்தால் தெரியுமா?

தெரியும், தெரியாது. எந்த மருந்து, அடித்து எத்தனை நாள் என்பதைச் சொன்னால்தான் பதில் சொல்லலாம்.

நாங்கள் மட்டக்களப்புப் படுவான்கரையில் வயல் செய்கிற ஆட்கள். போன மாரிப் போகத்தில் மாமா பூச்சிமருந்து அடித்துவிட்டுத் தலையிடி, வாயூறல் என்று இரண்டு நாள் படுத்துக் கிடந்தார். பத்து நாள் கழித்துத்தான் ரவுணுக்குப் போய் இரத்தம் கொடுத்தார். கோலினெஸ்டரேஸ், அதாவது நரம்பு வேலைக்குத் தேவையான ஒரு நொதி, நோர்மல் என்று துண்டு வந்தது. "பாத்தியா மருமகன், எனக்கு ஒண்டுமில்ல" என்று அதைச் சாரத்து மடியில் வைத்துக்கொண்டு ஒரு கிழமை திரிந்தார்.

அந்த நோர்மலில்தான் சிக்கல். ஒகனோபொஸ்பேற்று வகைப் பூச்சிமருந்துகள் இந்த நொதியை முடக்கும். ஆனால் நொதியின் அளவு ஆளுக்கு ஆள் நிறைய வேறுபடும். இயல்பிலேயே உச்சத்தில் இருப்பவருக்கு மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலும் துண்டில் நோர்மல் என்றே வரும். அதனால்தான் கலிபோர்னியாவில் மருந்து கையாளும் தொழிலாளர்களுக்கு முன்கூட்டியே அளந்து வைக்கிறார்கள். அவரவர் அளவில் 20 வீதம் குறைந்தால் வேலை முறையைப் பார்ப்பார்கள்; சிவப்பணுவில் உள்ளது 30 வீதம் குறைந்தால் ஆளை அந்த வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். சிவப்பணுவில் உள்ளது நாளைக்கு ஏறக்குறைய 1 வீதமாகத்தான் மீளும். சீரத்தில், அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதியில் உள்ளது அதைவிடக் கெதியாக மீண்டுவிடும். மாமாவுக்குப் பார்த்தது சீரத்தில், அதுவும் பத்து நாள் கழித்து.

காபமேற்று என்கிற மற்றப் பூச்சிமருந்து வகையென்றால் இன்னும் மோசம். நொதி சில மணித்தியாலத்தில் தானாக விடுபடும், இரத்தம் எடுத்த குழாய்க்குள்ளேயும்கூட. களைநாசினி அடித்தவருக்கோ இந்தச் சோதனையால் பெரும்பாலும் பிரயோசனமே இல்லை.

சரி, சிறுநீரில் பார்க்கலாமே என்பீர்கள். பார்க்கலாம். ஆனால் இந்த மருந்துகளின் கழிவு பெரும்பாலும் ஓரிரண்டு நாளில் வெளியேறிவிடும். வெயிலில் வேர்த்து வருகிறவரின் சிறுநீர் தடித்திருக்கும், இளநி குடித்தவருடையது தண்ணியாக இருக்கும். சிறுநீரில் எப்போதும் வெளியேறுகிற கிரியற்றினீன் என்ற கழிவை அளந்து அதைச் சரிக்கட்ட வேண்டும். கை கழுவாமல் போத்தலைப் பிடித்தால் கையில் இருந்த மருந்தே உள்ளே போய்விடும். இன்னொன்று, பூச்சிமருந்து பட்ட மரக்கறியில் அது ஏற்கெனவே சிதைந்து கிடக்கும். அந்தக் கழிவைத் தின்றாலும் சிறுநீரில் அதேதான் வரும்.

சிறுநீரில் ஆசனிக் என்ற நஞ்சைப் பார்ப்பதென்றால் நம் ஊருக்கு ஒரு விசேஷம் உண்டு. நண்டு, இறால் தின்றவருக்கு மொத்த ஆசனிக் எகிறும். அதில் பெரும்பகுதி தீங்கில்லாத வகை. மூன்று நான்கு நாள் மீன் கறியை நிறுத்தவேண்டும். மட்டக்களப்பில் யார் நிறுத்துவார்?

என்னைக் கேட்டால், அடித்த மருந்துப் போத்தலின் லேபிளைப் படமெடுத்து, திகதியையும் எழுதி வையுங்கள். மூச்சுத் திணறல், கடும் வாந்தி என்றால் சோதனையைப் பற்றி யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாமாவை இந்தமுறை விதைப்புக்கு முன்னமே இரத்தம் கொடுக்கக் கூட்டிப்போனேன். வருத்தமில்லாதவனுக்கு என்ன சோதனை என்று வழியெல்லாம் புறுபுறுத்துக்கொண்டே வந்தார்.