மாதிரி ரயில் மேசை: மூத்த வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

எட்டடிக்கு நான்கடிப் பலகையில் ஹெச்ஓ அளவு (HO, நிஜ ரயிலில் 87இல் ஒரு பங்கு) நீள்வட்டப் பாதை அமைத்துள்ளேன். கண்ட்ரோலர் இணைத்த பக்கத்தில் விரைந்தோடும் எஞ்சின், எதிர்ப்பக்கம் போனதும் தவழ்கிறது. எஞ்சினில் கோளாறா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், பாலக்கோடு

எஞ்சினைக் கழற்றிவிடாதீர்கள், அதன் மீது குற்றமில்லை. இன்றைய மாதிரித் தண்டவாளங்கள் பெரும்பாலும் ‘நிக்கல் சில்வர்’ என்னும் உலோகக் கலவையால் ஆனவை. பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பவை தாமிரமும் நிக்கலும் துத்தநாகமும். தாமிரத்தைவிட மிக மோசமாகவே மின்சாரத்தைக் கடத்தும் அதன் இடையிடையே, துண்டுகளைக் கோக்கும் ஜாயினர்கள் வேறு தளர்ந்தும் கறுத்தும் போவதால், 12 வோல்ட்டில் ஒரு பகுதி வழியிலேயே கரைந்துவிடுகிறது. பலகையின் அடியில், பாதையை ஒட்டியே, வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1.5 சதுர மி.மீ. தாமிர வயர் இரண்டை ஓடவிட்டு, மூன்றடிக்கு ஓரிடத்தில் 0.5 சதுர மி.மீ. கிளை வயர்களால் இரு தண்டவாளங்களோடும் சால்டர் செய்து இணையுங்கள். அந்தத் தடிமனில் பத்து மீட்டர் வயரின் தடை சுமார் 0.12 ஓம், ஒரு ஆம்பியர் ஓடினாலும் இழப்பது 0.12 வோல்ட்தான். வெளித்தண்டவாளத்துக்குச் சிவப்பு, உள்தண்டவாளத்துக்குக் கறுப்பு என்பதைக் கடைசிவரை மாற்றாதீர்கள். ஒரே ஒரு வயர் இடம் மாறினாலும் ஷார்ட் ஆகும்.

ரயில் திரும்பி வருவதற்காக ஒரு லூப் வைத்தேன். பாதை முழுமையானதும் கண்ட்ரோலர் அணைந்துவிடுகிறது.
— ஓசூர் வாசகர்

இடத் தண்டவாளம் சுற்றிவந்து வலத் தண்டவாளத்தோடு சேர்ந்துகொள்வதுதான் காரணம். லூப்பின் இரு முனைகளிலும் இரு தண்டவாளங்களையும் வெட்டிப் பிளாஸ்டிக் ஜாயினர் போடுங்கள். வெட்டுகளுக்கு நடுவிலுள்ள பகுதி உங்கள் மிக நீளமான ரயிலைவிட நீளமாக இருக்க வேண்டும். அப்பகுதிக்கு மட்டும் இரு வயர்களையும் ஒருசேர இடம் மாற்றித் தரும்படி இணைத்த ஆறு முனை டிபிடிடி (DPDT) சுவிட்ச் வழியே மின்சாரம் தாருங்கள். ரயில் முழுவதும் உள்ளே வந்ததும் நிறுத்தி, கண்ட்ரோலரின் திசையையும் இந்தச் சுவிட்சையும் ஒருசேர மாற்றினால் ரயில் முன்னோக்கியே வெளியேறும். எஞ்சினுக்குத் தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பும் டிசிசி (DCC) முறைக்கு இதைத் தானே செய்யும் கருவி கிடைக்கிறது.

வயது 71. கை சற்று நடுங்குகிறது. மேசைக்கு அடியில் படுத்து சால்டர் செய்ய முடியவில்லை.
— கிருஷ்ணகிரி வாசகர்

முடிந்தாலும் செய்யக் கூடாது. நானே அப்படி மல்லாந்து படுத்து, உருகிய ஈயத்துளி மூக்குக் கண்ணாடியில் விழுந்த பிறகுதான் அந்தப் பழக்கத்தை விட்டேன். தண்டவாளத்தைப் பலகையில் பதிக்கும் முன்பே, நாற்காலியில் அமர்ந்து, மணிக்கட்டை மேசையில் ஊன்றி, கிளை வயர்களைப் பற்றவைத்துவிடுங்கள். பிறகு துளை வழியே இறக்கி, பலகையின் முன்விளிம்பில் பொருத்திய திருகு கனெக்டர்களுக்குக் கொண்டுவந்தால் அடியில் நுழையும் வேலையே இல்லை. 25 வாட் அயர்ன் போதும். சால்டர் நன்கு ஒட்ட உதவும் பிளக்ஸில் ரோசின் (பிசின்) வகையை மட்டுமே பயன்படுத்துங்கள், தகரவேலைக்காரர்களின் ஆசிட் நாளடைவில் வயரை அரித்துவிடும். சன்னலைத் திறந்து வையுங்கள்.

மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு ஓடிய பழைய சிறு ரயிலை மாதிரியில் கொண்டுவர இயலுமா? ஜல்லிக்கு எங்கள் ஊர் கிரஷர் தூள் ஆகுமா?
— மொரப்பூர் வாசகர்

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. 1906இல் தொடங்கி 1941இல் மூடப்பட்ட அந்தப் பாதையின் அகலம் 762 மி.மீ.; அதை 87ஆல் வகுத்தால் 8.76 வரும். ஹெச்ஓவைவிடச் சிறியதான ‘என்’ (N) அளவுத் தண்டவாளத்தின் அகலமோ 9 மி.மீ. ஆகவே ‘என்’ அளவுப் பாதையிலும் எஞ்சின் அடிப்பாகத்திலும் ஹெச்ஓ அளவு உடலை ஏற்றினால் கணக்கு ஏறக்குறைய சரியாகிவிடும். ஸ்லீப்பர் கட்டைகள் மட்டும் மிகச் சிறியனவாகவும் நெருக்கமாகவும் தெரியும். அவற்றை ஜல்லியால் பாதி மூடிவிடலாம். கிரஷர் தூளைத் தேநீர் வடிகட்டியில் சலித்து, காந்தத்தை அதன் மேல் பலமுறை நகர்த்துங்கள்; கருங்கல்லில் உள்ள இரும்புத்தாதுத் துகள்கள் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு வரும். அவற்றை நீக்காவிட்டால் எஞ்சினின் மோட்டார் காந்தம் இழுத்துக்கொள்ளும்.