நடுராத்திரியில் கையை உதறுகிறீர்களா?

கேள்வி: வயது 41. செவ்வாய்பேட்டையில் ஒரு மண்டியில் கணக்குப் பார்க்கிறேன். காலை முதல் இரவு வரை கம்ப்யூட்டரில் டாலி கணக்குதான். இரண்டு மாதமாக வலது கை மரத்துப்போகிறது. நடுராத்திரியில் எழுந்து உதறினால்தான் சரியாகிறது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. இதுவும் அதன் அறிகுறிதான் என்று யூடியூபில் சொல்கிறார்கள். மெடிக்கலில் சொல்லி நரம்பு ஊசி ஐந்து போட்டும் பலனில்லை. கண் எரிச்சல், கழுத்தில் சொடக்குச் சத்தம், முடி கொட்டுவது, உடம்பு பருப்பது எல்லாமே கம்ப்யூட்டரால்தானா? மூளை ஸ்கேன் எடுக்கலாமா?
– வாசகி, சேலம்

பதில்: நீங்கள் எழுதியிருப்பது பக்கவாதத்தின் கதை இல்லை. அது இரண்டு மாதத் தவணையில் வராது. திடீரென்று வாய் கோணும், பேச்சு குழறும், ஒரு பக்கக் கை கால் விழும். அப்படி நடந்தால், சில நிமிடத்தில் சரியாகிவிட்டாலும், யூடியூபைத் திறக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

எந்த விரல்கள் மரக்கின்றன என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு வேண்டியது அதுதான். இன்று ராத்திரி விழிப்பு வந்தால் சுண்டுவிரலைத் தொட்டுப் பாருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்து, சுண்டுவிரல் மட்டும் தெளிவாக இருந்தால், மணிக்கட்டுக்குள் ஒரு நரம்பு நசுங்குகிறது என்று அர்த்தம். கார்ப்பல் டனல் என்போம். எலும்புக்கும் நார்ப்பட்டைக்கும் நடுவில் ஒரு குறுகிய சந்து. ஒன்பது தசைநாண்களோடு அந்த நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு அதற்குள் போகிறது. தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கினால் சந்து இன்னும் இறுகும். ஸ்கூட்டி ஹேண்டிலைப் பிடித்து ஐந்து ரோடு தாண்டுவதற்குள் விரல் மரக்கிறதா? அதுவும் இதேதான்.

நீங்கள் பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. இரண்டு உள்ளங்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கட்டைவிரலின் அடியில் இருக்கும் மேட்டைப் பாருங்கள். வலது மேடு தட்டையாகியிருந்தால், டம்ளர் கை நழுவினால், ஜாக்கெட் கொக்கி மாட்டத் திணறினால், உதறியும் மரப்பு போகாமல் பகலெல்லாம் நின்றால், ஒரு வாரம்கூடத் தள்ளாதீர்கள். ஒருமுறை மெலிந்த தசை, அறுவை சிகிச்சை செய்தாலும் முழுதாகத் திரும்பாமல் போகலாம். கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவர், சலங்கை விரலில் நிற்காமல் தரையில் சிதற ஆரம்பித்த பிறகுதான் என்னிடம் வந்தார். அதுவரை தைலம் தேய்த்திருக்கிறார்.

சரி, கம்ப்யூட்டரா காரணம்? தட்டச்சு மட்டுமே இதைக் கொண்டுவரும் என்பதற்குப் பலமான ஆதாரம் இல்லை. நீங்கள் போகிற போக்கில் எழுதிய முடி கொட்டுவதும் உடம்பு பருப்பதும்தான் எனக்கு உறுத்துகிறது. கம்ப்யூட்டர் யார் முடியையும் கொட்டவைக்காது. தைராய்டு சுரப்பு குறைந்தால் முடியும் கொட்டும், எடையும் ஏறும், இந்த நரம்பும் நசுங்கும். சர்க்கரை நோயிலும் இப்படி வரும். ரத்தத்தில் டிஎஸ்எச் என்ற தைராய்டு சோதனை, சர்க்கரை இரண்டும் பாருங்கள். மூளை ஸ்கேன் வேண்டாம்.

அந்த நரம்பு ஊசி! பி12 குறைந்தவர்களுக்கு அது மருந்து. நசுங்கிய நரம்பை அது விடுவிக்காது. ஊசியை எடுத்துக் கொடுத்தவர் உங்கள் மணிக்கட்டை ஒருமுறையாவது பிடித்துப் பார்த்தாரா?

ராத்திரி மணிக்கட்டு மடங்காமல் நேராக நிற்க ஸ்பிளின்ட் என்ற மணிக்கட்டுப் பட்டையைக் கட்டிக்கொண்டு தூங்குங்கள். மண்டி மேசைகள் பேரேடு எழுதச் செய்த உயரம். கீபோர்டுக்கு அது அதிகம். கீபோர்டு உங்கள் முழங்கை மட்டத்துக்கு வரும்படி நாற்காலியில் தலையணை போடுங்கள், கால் தொங்கினால் அடியில் ஒரு பலகை. மேசை விளிம்பில் மணிக்கட்டை அழுத்தி மௌஸ் ஓட்டாதீர்கள். 11ஆம் தேதி, 20ஆம் தேதி ஜிஎஸ்டி நெருக்கடி எனக்கும் தெரியும். அன்றைக்கும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்துவிடுங்கள்.

கண் எரிவது இமைக்க மறப்பதால். மின்விசிறி முகத்தில் அடிக்கிறதா என்றும் பாருங்கள். 41 வயதில் வெள்ளெழுத்தும் சேர்ந்திருக்கலாம், கண்ணைச் சோதியுங்கள். நீல ஒளிக் கண்ணாடிக்குக் காசு கொட்ட வேண்டாம். கழுத்துச் சொடக்கு வலிக்காதவரை மறந்துவிடுங்கள்.

ஆறு வாரத்தில் குறையவில்லை என்றால் நரம்பு மருத்துவரிடம், நரம்பில் மின்துடிப்பு எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனை செய்யவேண்டும். போகும்போது ரத்தச் சோதனை முடிவோடு அந்த ஊசியின் அட்டையையும் எடுத்துப் போங்கள். உள்ளே என்ன மருந்து இருந்தது என்று அவரும் பார்க்கட்டும்.