காருக்கு அடியில் சொட்டும் நீர்: ரேடியேட்டரை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: ஐயா, நான் ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறேன். ஒவ்வொரு நாளும் பினாங்குப் பாலத்தைக் கடந்து பிறையில் உள்ள தொழிற்சாலைக்கு வேலைக்குச் சென்று வருகிறேன். அண்மையில் வாங்கிய பழைய காரை மாலையில் வீட்டுக்குக் கீழே நிறுத்தியதும், முன்பகுதியில் இடப்பக்கமாக நீர் சொட்டித் தரையில் தேங்குகிறது. பட்டறை ஒன்றில் காட்டியபோது, வண்டியைத் தூக்கிப் பார்க்காமலேயே ரேடியேட்டரை மாற்ற வேண்டும் என்றார்கள். மாற்றிவிடலாமா?
— வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: இப்போது மாற்ற வேண்டாம். வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்காமல் சொல்லப்பட்ட ஒரு முடிவை நம்பிப் பணத்தைச் செலவழிப்பதற்கு முன், சொட்டுவது எந்த நீர் என்பதை நீங்களே அறிந்துகொள்ளலாம். அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அது ஏர்கோன் நீராக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

பினாங்கில் ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் மிகுந்திருக்கிறது. அந்தக் காற்று ஏறக்குறைய 24 பாகை செல்சியஸுக்குக் குளிர்ந்தாலே அதிலுள்ள நீராவி நீராக மாறத் தொடங்கிவிடும். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலோ உறைநிலைக்குச் சில பாகை மட்டுமே மேலே இருக்கும்படி இயங்குகிறது. ஆகவே, தே ஓ ஐஸ் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதைப் போலக் காயிலும் ஓயாமல் வியர்க்கிறது. அந்த நீர் ஒரு தட்டில் சேர்ந்து, சிறிய ரப்பர் குழாய் வழியாகக் கீழே வெளியேறுகிறது. நம் நாட்டுக் கார்கள் பலவற்றில் இக்குழாயின் வாய், முன்பக்கம் அமரும் பயணியின் காலடிப் பகுதிக்கு அருகே இருக்கும். மாலை நெரிசலில் பாலத்தின் மீது ஊர்ந்து வரும்போது ஏர்கோன் முழு வலுவுடன் ஓடுவதால், வண்டியை நிறுத்திய பிறகும் மிச்ச நீர் சிறிது நேரம் சொட்டுவது இயல்பு.

இதை உறுதி செய்ய, மழை இல்லாத ஒரு நாளில் ஏர்கோனைப் போடாமல், கண்ணாடிகளை இறக்கிவிட்டுக் காரை ஓட்டி வந்து நிறுத்துங்கள். அடியில் வெள்ளை அட்டை ஒன்றை விரித்து வையுங்கள். அட்டை காய்ந்தே கிடந்தால் காரணம் ஏர்கோன்தான். அட்டை நனைந்தால், நீரைத் தொட்டுப் பாருங்கள். பச்சை, சிவப்பு, இளஞ்சிவப்பு, நீலம் என ஏதேனும் நிறமும், விரலில் வழுவழுப்பும், இனிப்பான வாடையும் இருந்தால் அது கூலன்ட், அதாவது ரேடியேட்டர் வழியாகச் சுழன்று எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். பழுப்பாகவோ கறுப்பாகவோ பிசுபிசுத்தால் எஞ்சின் எண்ணெய். சக்கரத்துக்கு அருகே எண்ணெய்ப் பதத்தில் மஞ்சள் கலந்த திரவம் கசிந்தால் அது பிரேக் எண்ணெயாக இருக்கலாம். அப்படியானால் அந்தக் காரை ஓட்டாதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழையுங்கள்.

உங்களுடையது கைமாறி வந்த கார் என்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முன்பு வைத்திருந்தவர் கூலன்ட் ஊற்றாமல் வெறும் குழாய்நீரை ஊற்றியே ஓட்டியிருந்தால், ரேடியேட்டர் ஒழுகினாலும் நிறமற்ற நீர்தான் சொட்டும். எனவே நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். காலையில், எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது, கூலன்ட் சேமிப்புத் தொட்டியில் நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று ஒட்டுத்தாளால் குறியிட்டு, ஒரு வாரம் தொடர்ந்து கவனியுங்கள். மட்டம் இறங்கவில்லை என்றால் ரேடியேட்டரைக் குறை சொல்வதற்கு இடமில்லை. இறங்கிக்கொண்டே வந்தால் ரேடியேட்டர், அதன் ஹோஸ் குழாய்கள், மூடி, வாட்டர் பம்ப் ஆகியவற்றில் எது ஒழுகுகிறது என்பதை, காற்றழுத்தம் கொடுத்துச் சோதித்துக் காட்டும்படி பட்டறையில் கேளுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை. பல வேளைகளில் ஒரு ஹோஸை மாற்றுவதோடு வேலை முடிந்துவிடும்.

சூடான ரேடியேட்டரின் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். சில சிறிய கார்களில் வெப்பத்தைக் காட்டும் முள் இல்லை, சிவப்பு விளக்கு மட்டுமே உண்டு; பாலத்தில் அது எரிந்தால், வீடு வரை ஓட்டிவிடலாம் என்று எண்ணாமல், பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிட்டு உதவிக்கு அழையுங்கள். கூலன்ட் தரையில் சிந்தியிருந்தால் நிறைய நீர் விட்டு உடனே கழுவுங்கள். அதில் பெரும்பாலும் கலந்திருக்கும் எத்திலீன் கிளைக்கால் கொடிய நஞ்சு. சிறிதளவு நக்கினாலே பூனைகளும் நாய்களும் இறந்துவிடக்கூடும். கார் நிறுத்துமிடத்தில் பூனைகள் திரியாத அடுக்குமாடி நம் ஊரில் ஏது?

கேள்வி: என் காருக்கு அடியில் நீர் சொட்டுவதே இல்லை. ஆனால் முன் இருக்கையில் என் மனைவி கால் வைக்கும் இடத்தில் கம்பளம் நனைந்து வாடை வீசுகிறது. ஏன்?
— வாசகர், ஜெலுத்தோங்

பதில்: மேலே சொன்ன ரப்பர் குழாய் அடைத்துக்கொண்டிருக்கும். தூசும் பாசி போன்ற வழவழப்பும் சேர்ந்து வழியை மூடிவிட, வெளியேற வேண்டிய ஏர்கோன் நீர் தட்டில் நிரம்பி உள்ளே வழிகிறது. பட்டறையில் காரைத் தூக்கி, குழாயின் வாயிலிருந்து மெதுவாகக் காற்றடித்தால் அடைப்பு விலகிவிடும். கூரிய கம்பியை நுழைத்துக் குத்த விடாதீர்கள். அதோடு நிறுத்திவிடாமல், கம்பளத்தைக் கழற்றி அதன் அடியிலுள்ள பஞ்சையும் வெயிலில் முழுமையாகக் காயவையுங்கள். ஈரம் தங்கினால் தரைத் தகடு துருப்பிடிக்கும். கம்பளத்துக்கு அடியில் செல்லும் மின்கம்பி இணைப்புகளும் கெடும். மழை பெய்த பிறகு மட்டும் நனைகிறது என்றால், முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள நீர்வழியில் இலைச்சருகு அடைத்திருக்கிறதா என்றும், கதவின் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: காலையில் காரைக் கிளப்பும்போது புகைக்குழாயிலிருந்து நீர் சொட்டுகிறது. இது கோளாறா?
— வாசகர், பட்டர்வொர்த்

பதில்: கோளாறு இல்லை. பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. குழாய் குளிர்ந்திருக்கும் வேளையில் அது நீராகிச் சொட்டும், குழாய் சூடானதும் நின்றுவிடும். எஞ்சின் சூடான பிறகும் அடர்ந்த வெண்புகை நிற்காமல் வந்து, கூலன்டும் குறைந்துகொண்டே போனால் மட்டும், ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பகுதியைக் கசியாமல் அடைக்கும் தகடு) பழுதாகி எஞ்சினுக்குள் நீர் இறங்குகிறதா என்பதை அன்றே சோதித்துவிடுங்கள்.