கரண்டு வைத்தால் எச்சில் வற்றிவிடுமா?

கேள்வி: அப்பாவுக்குத் தொண்டையில் கட்டி. 35 நாள் கரண்டு (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்க வேண்டுமாம். எங்கள் தெருவில் ஒருவருக்கு அப்படி வைத்து மூன்று வருடமாகியும் வாய் காய்ந்தே கிடக்கிறது. எச்சிலைக் காப்பாற்ற வழி உண்டா? (ஆலங்குளம் வாசகர்)

உண்டு தம்பி. ஆனால் கரண்டு தொடங்குவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். எச்சில் சுரப்பி கருகியபின் என்னிடம் வருகிறவர்கள்தான் அதிகம். வேட்டி மடிப்பில் தண்ணீர் பாட்டிலைச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மிடறு குடித்துப் பேசுவார்கள். பார்க்கவே மனசு ஆறாது.

காதுக்கு முன்னால் இருபக்கமும் பரோட்டிட் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. சாப்பிடும்போது ஊறும் எச்சிலில் பெரும்பங்கு அதிலிருந்துதான். பழைய முறையில் கதிர் அதன் வழியாகவே பாயும். ஐஎம்ஆர்டி (IMRT) என்ற புது முறையில் கதிரின் அளவைக் கூட்டிக் குறைத்து அதை ஒதுக்கலாம். 2011-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், ஓராண்டு கழித்துத் தொந்தரவு தரும் வாய் வறட்சி பழைய முறையில் 74 சதவீதம் பேருக்கு, ஐஎம்ஆர்டியில் 38 சதவீதம் பேருக்கு.

டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "பரோட்டிடுக்குச் சராசரி எத்தனை கிரே போகிறது?" கிரே என்பது கதிரை அளக்கும் அலகு. ஒரு பக்கமாவது 20-க்குள், அல்லது இரண்டும் 25-க்குள் இருந்தால் நல்லது.

ஒரு விலக்கு. கட்டியோ கழுத்தில் கட்டிய நெறியோ அந்தச் சுரப்பியை ஒட்டியிருந்தால் அந்தப் பக்கத்தைக் காக்கக் கூடாது. டாக்டர் முடியாது என்றால் சண்டை போடாதீர்கள். எச்சிலுக்காகக் கட்டியில் கதிரைக் குறைத்தால் நோய் திரும்பும். திரும்பவும் சொல்கிறேன், கட்டிதான் முதலில். மறுபக்கச் சுரப்பியைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் புரோக்கர்கள் நிற்பார்கள். "காப்பீட்டு அட்டை இங்கே செல்லாது, நல்ல மிஷின் உள்ள இடத்துக்குக் கூட்டிப் போகிறேன்" என்பார்கள். கமிஷனுக்காகச் சொல்வது அது. முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. உள்ளே காப்பீட்டுப் பிரிவில் நீங்களே போய்க் கேளுங்கள். 'எச்சில் ஊறும் பொடி' என்று விற்கிறார்களே, அதற்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கருகிய சுரப்பியை எந்தப் பொடியும் மீட்காது.

பல் டாக்டரை, கரண்டு தொடங்கும் முன்பே, நோய் தெரிந்த முதல் வாரமே பாருங்கள். எச்சில் குறைந்தால் பல் சீக்கிரம் சொத்தையாகும். கரண்டு வைத்த தாடையில் பிற்பாடு பல் பிடுங்கினால் எலும்பே ஆறாமல் போகலாம். முன்கூட்டியே பிடுங்கினாலும் புண் ஆற இரண்டு வாரமாவது வேண்டும். பல் டாக்டரைப் பார்க்கச் சொல்லும் சீட்டை முதல் நாளே எழுதிக் கொடுத்தால் என்ன? ஸ்கேனுக்கு ஒரு நாள், அனுமதிக்கு ஒரு நாள் என்று அலையவிட்டு, கடைசியில்தான் பல் ஞாபகம் வருகிறது. எத்தனை கூட்டத்தில் சொல்லியாயிற்று!

அப்புறம், சாப்பாடு. சோற்றைக் குழைத்து, காரமில்லாமல் தேங்காய்ப்பால் சொதி ஊற்றிக் கொடுங்கள், வழுக்கிக்கொண்டு இறங்கும். எடை குறைய விடாதீர்கள். கரண்டு வைக்கும்போது தலை அசையாமல் இருக்க முகத்தில் ஒரு மாஸ்க் போடுவார்கள்; கன்னம் வற்றி அதற்குள் விரல் நுழைகிறது என்றால் அன்றைக்கே சொல்லுங்கள். சுரப்பி உள்பக்கம் நகர்ந்து அதிகக் கதிர் வாங்கும். மறுபடி ஸ்கேன் எடுத்துத் திட்டத்தைத் திருத்த வேண்டிவரலாம்.