ரத்த உறைவைத் தடுக்கும் மருந்துகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஒரே நோயாளியின் ஏபிடிடி (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை அளக்கும் சோதனை) ஒரு நாள் 32 விநாடி, மறுநாள் 45 விநாடி என்று வருகிறது. கருவியில் கோளாறா?

கருவியைத் தொடுமுன் குழாயைப் பாருங்கள். கால்சியத்தைப் பிடித்து ரத்தம் உறையாமல் வைக்கும் 3.2 சதவீத சோடியம் சிட்ரேட் ஒரு பங்குக்கு ரத்தம் ஒன்பது பங்கு இருக்க வேண்டும். 0.3 மி.லி. சிட்ரேட் உள்ள நீல மூடிக் குழாயில் 2.7 மி.லி. ரத்தம், கோடு வரை. ரத்தம் குறைந்தால் மிஞ்சிய சிட்ரேட், சோதனையின்போது நீங்கள் சேர்க்கும் கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். உறையும் நேரம் பொய்யாக நீளும். ஹெமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 55 சதவீதத்துக்கு மேல் போனால் குழாயைச் சரியாக நிரப்பினாலும் இதே தவறு நேரும். அங்கே ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவே குறைவு என்பதால் சிட்ரேட்டையும் குறைக்க வேண்டும்.

பட்டர்ஃப்ளை ஊசியில் எடுத்தால் அதன் குழலிலுள்ள காற்று முதல் குழாயில் இடம் பிடித்துவிடும். அதனால் முதலில் ஒரு குழாயில் சிறிது இழுத்து ஒதுக்கிவிடுங்கள். ஊதா மூடிக் குழாய் நீலத்துக்குப் பிறகுதான். எடுத்த உடனே மூன்று நான்கு முறை மெதுவாகக் கவிழுங்கள், குலுக்காதீர்கள். 1,500 ஜி விசையில் 15 நிமிடம் சுழற்றினால் தட்டணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 10,000-க்குக் கீழே வர வேண்டும். ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி மருந்து) பெறும் நோயாளிக்கு இது இன்னும் முக்கியம். மிஞ்சிய தட்டணுக்கள் வெளிவிடும் புரதம் ஹெப்பாரினை முடக்கி, நேரத்தைக் குறைத்துக் காட்டும். அதை நம்பி மருந்தளவைக் கூட்டினால் ஆபத்து. அவர்கள் மாதிரியை ஒரு மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிரித்துவிடுங்கள். மற்றவர்களுக்கு நான்கு மணி நேரத்துக்குள் சோதனையை முடித்தால் போதும்.

அம்மாவுக்குக் காலில் ரத்தக்கட்டி. உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை தொடங்கி மூன்றாம் நாளே ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்ற அளவீடு) 2.1 வந்துவிட்டது. ஹெப்பாரின் ஊசியை ஏன் நிறுத்தவில்லை?

நிறுத்தாததுதான் சரி. ரத்தத்தில் ஏற்கெனவே ஓடும் உறைதல் காரணிகளை (ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களை) வார்ஃபரின் தொடுவதில்லை. வைட்டமின் கே-யை மீண்டும் பயன்படுத்த உதவும் நொதியைத் தடுத்து, கல்லீரல் புதிதாகத் தயாரிக்கும் காரணிகளைச் செயலற்றவையாக ஆக்குகிறது. பழையவை தானாகத் தீர வேண்டும். காரணி 7 சுமார் 6 மணி நேரத்தில் பாதியாகும். இன்னொரு காரணியான புரோத்ராம்பின் பாதியாக இரண்டரை முதல் மூன்று நாள் ஆகும். ஐஎன்ஆர் முதலில் ஏறுவது காரணி 7 குறைந்ததால். கட்டி வளராமல் காப்பதோ புரோத்ராம்பின் குறைவு. இதற்கிடையே, உறைவை அடக்கும் புரோட்டீன் சி-யும் சுமார் 8 மணி நேரத்தில் பாதியாகிவிடுவதால், முதல் சில நாட்களில் உறையும் போக்கு கூடவும் செய்யலாம். அதனால்தான் குறைந்தது 5 நாள் இரண்டும் சேர்ந்து போக வேண்டும். ஐஎன்ஆர் 2-க்குக் குறையாமல் 24 மணி நேரம் நிற்கவும் வேண்டும்.

வார்ஃபரின் எடுப்பவர்கள், வைட்டமின் கே உள்ள கீரையை அடியோடு விட வேண்டுமா?

வேண்டாம். வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டால் போதும்; மருந்தளவு அதற்கேற்ப அமைந்துவிடும். வார்ஃபரின் வகையைச் சேர்ந்த அசெனோகூமரால் எடுப்பவர்களுக்கும் இதே பதில்தான். கீரையைவிட எனக்குக் கவலை தருவது வார்ஃபரினின் விளைவைக் கூட்டிவிடும் மெட்ரோனிடசோல், கோ-டிரைமாக்சசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரைகள். இவற்றில் ஒன்றைத் தொடங்க நேர்ந்தால் சில நாட்களில் ஐஎன்ஆர் பார்த்தே ஆக வேண்டும்.

அப்பாவால், உறைவைத் தடுக்கும் தபிகாட்ரான் கேப்சூலை விழுங்க முடியவில்லை. பிரித்துத் தண்ணீரில் கலக்கலாமா?

கூடாது. விழுங்கும் மருந்தில் 3 முதல் 7 சதவீதம்தான் ரத்தத்தை எட்டும் என்று கணக்கிட்டே அளவு வைத்திருக்கிறார்கள். உறையின்றி உள்ளிருக்கும் மணிகளை மட்டும் கொடுத்தால் உடலில் சேரும் அளவு 75 சதவீதம் வரை கூடும், ரத்தக்கசிவு வரலாம். ஈரம் பட்டால் மருந்து கெடும் என்பதால் வாராந்தர மாத்திரைப் பெட்டியிலும் போடாதீர்கள். உறைவைத் தடுக்கும் வேறு மருந்துகளான அபிக்சபான், ரிவரோக்சபான் மாத்திரைகளைப் பொடித்துக் கொடுக்கலாம். மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ரிவரோக்சபான் 15, 20 மி.கி. என்றால் உணவோடுதான், வெறும் வயிற்றில் சரியாக உட்கிரகிக்காது.

உறைதல் காரணி 11-ஐத் தடுக்கும் மருந்துகளில் ஆராய்ச்சியாளர்களுக்கு ஏன் இவ்வளவு ஆர்வம்?

காயத்தை அடைக்கும் முதல் உறைவு, திசுக் காரணியும் (காயம்பட்ட திசுவில் வெளிப்படும் புரதம்) காரணி 7-உம் சேர்ந்து தொடங்குவது. காரணி 11-இன் வேலை பெரும்பாலும் அதற்குப் பின், கட்டியைப் பெருக்குவதில். பிறவியிலேயே அது குறைந்தவர்களுக்குத் தானாக ரத்தம் கசிவது அரிது. கட்டியைத் தடுத்து, காயத்தின் அடைப்பை விட்டுவைக்கலாம் என்ற நம்பிக்கை அங்கிருந்து பிறந்தது.

சோதனைக் குழாயை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு ஜான் ஹேஜ்மேன் என்ற நோயாளி சான்று. காரணி 12 இல்லாத அவர் ரத்தம் குழாயில் உறையவே நெடுநேரம் எடுத்தது. ஆனால் 1968-இல் அவர் இறந்தது நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து. புதிய மருந்துகளிலும் இதே கவனம் வேண்டும். 2023-இல், காரணி 11-ஐத் தடுக்கும் அபெலசிமாப், ரிவரோக்சபானைவிட ரத்தக்கசிவை வெகுவாகக் குறைத்ததால் அந்தச் சோதனை முன்கூட்டியே முடிக்கப்பட்டது. அதே ஆண்டு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிப்பது) நோயாளிகளிடம் அதே வகையைச் சேர்ந்த அசுண்டெக்சியானின் சோதனை, அம்மருந்து பக்கவாதத்தைத் தடுப்பதில் அபிக்சபானுக்கு ஈடுகொடுக்காததால் நிறுத்தப்பட்டது. ரத்தக்கசிவு குறைந்தது என்ற செய்தியைப் படித்ததும், பக்கவாதம் எத்தனை பேருக்கு வந்தது என்று தேடுங்கள்.

தினமும் ஆஸ்பிரின் எடுக்கிறேன். மூட்டுவலிக்கு ஐபுபுரோஃபென் சேர்க்கலாமா?

இரண்டும் தட்டணுவில் ஒரே நொதியில், ஒரே இடத்துக்குப் போட்டியிடும். ஐபுபுரோஃபென் முந்தினால் ஆஸ்பிரினுக்கு இடமில்லை. எப்போதாவது ஒரு வேளை என்றால், உறையிடாத ஆஸ்பிரினை முதலில் விழுங்கி, குறைந்தது 30 நிமிடம் கழித்து ஐபுபுரோஃபென். முதலில் ஐபுபுரோஃபென் எடுத்துவிட்டால் ஆஸ்பிரினுக்கு 8 மணி நேரம் காத்திருங்கள். வயிற்றில் ரத்தக்கசிவு அபாயமும் இரட்டிக்கக்கூடும் என்பதால் தினசரி வலிக்கு மருத்துவரிடம் பாராசிட்டமால் போதுமா என்று கேட்பது நல்லது.